கள்ளியைக் கள்ளி என்றே விற்போம்

நமது சரகத்தில் நெசவாளர் சங்கங்களும் பயிர் செய்வோர் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் விற்பனைப் பந்தல்களில், சேலை, வேட்டி, துண்டு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மக்கள் மொய்க்கும் இடம் இப்பொழுது செடித்தொட்டிகள் அடுக்கிய மூலையே ஆகும். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் இடையில், நீர் அதிகம் வேண்டாத ஒரு வகைச் செடியும் அங்கே இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் கழுத்தில் தொங்கும் சீட்டில் ‘யூபோர்பியா’ என்றோ, ‘ஃபயர் ஸ்டிக்’ என்றோ, இன்னும் சற்றுத் துணிந்து ‘கேக்டஸ்’ என்றோ எழுதியிருக்கும். வேலிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அருகிற்சென்று உற்று நோக்கினால் அது கள்ளி என்பதை அறிந்துகொள்வர். மற்றவர்கள் அறியார். இந்தப் பெயர் மாற்றம் அற்ப விஷயமாகத் தோன்றலாம். அஃது அற்பமன்று என்பதே எமது கருத்து.

கள்ளி வளர்த்து விற்பதை நாம் எதிர்க்கின்றோம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். சிறு நிலமுடைய அங்கத்தினருக்கு இதைவிட இலகுவான தொழில் வேறொன்று காண்பதரிது. விதை வாங்க வேண்டுவதில்லை. தாய்ச்செடியின் கொம்பை வெட்டினால் அதுவே நாற்று. வெட்டிய முனையைத் தண்ணீரில் தோய்த்துப் பால் நின்றபின், நிழலில் சில நாள் கிடத்திக் காயம் உலர்ந்து மூடியதும், மணல் மிகுந்த கலவையில் ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். பச்சைக் காயத்தோடு ஈரமண்ணில் நட்டால் அழுகிப்போகும். புதிதாகத் தொடங்குவோர் செடிகளை இழப்பது பெரும்பாலும் இந்த அவசரத்தினாலேயே. பிறகு வேண்டுவது வெயிலும், அளவறிந்த நீருமேயாகும். கோடையில் கிணறு வற்றியபோதும் கள்ளித்தொட்டி வாடுவதில்லை. வாங்குவோருக்கும் இது வசதி. நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் செடி உயிரோடு நிற்கும்.

இக்குலம் மிகப் பெரிது. சுமார் 2,000 இனங்கள் இதில் உண்டு. நம் வயல் வரப்பில் தரையோடு படரும் அம்மான்பச்சரிசியும் இதனைச் சேர்ந்ததே; ஆள் உயரத்திற்கு மேல் மரமாக எழும் சதுரக்கள்ளியும் இதனைச் சேர்ந்ததே. உருவத்தில் இவ்வளவு வேற்றுமை இருப்பினும் இரண்டு அடையாளங்கள் பொது. ஒன்று, கீறினால் வழியும் வெண்பால். மற்றொன்று பூவின் அமைப்பு. நாம் பூவிதழ் என்று மயங்கும் வண்ணப்பகுதி பூவின் அடியில் நிற்கும் இலையே. மெய்யான பூக்கள் அதன் நடுவிலுள்ள சிறு கிண்ணத்துக்குள், ஒரு பெண்பூவைச் சூழப் பல ஆண்பூக்களாக அடங்கியிருக்கும். சப்பாத்திக்கள்ளி இக்குலத்ததன்று. நாம் கள்ளி என்று அழைத்தபோதிலும் அஃது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு குலத்துச் செடி, பால் வடிக்காது. (நெசவாளர்கள் அறிந்துகொள்ளத்தக்க ஒரு செய்தி: சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்கென்றே கும்பினியார் காலத்தில் சென்னைச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார்கள். 1795இல் வந்து சேர்ந்த பூச்சி உயர்ந்த சாயப்பூச்சியாக இல்லாமற் போகவே, முயற்சி பலன் தரவில்லை.)

மேனாட்டார் இக்குலத்தைத் தோட்டத்தில் வைத்துப் போற்றுவது புதிதன்று. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளின் கற்பாங்கான சரிவுகளில் ஒரு கள்ளி தானாகவே வளர்கிறது. ‘யூபோர்பியா கராசியாஸ்’ என்பது அதன் நூற்பெயர். குளிர்காலத்திலும் இலை உதிராமல், நீலம் பாய்ந்த பசுமையோடு மூன்று நான்கு அடி உயரம் புதராக நின்று, வசந்தத்தில் தண்டின் நுனிதோறும் மஞ்சள் கலந்த பச்சைநிறப் பூங்கொத்துக்களைத் தாங்கும். அதன் ஒவ்வொரு தண்டுக்கும் ஈராண்டு வாழ்வு. முதலாண்டு வளரும், இரண்டாமாண்டு பூக்கும், பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிட வேண்டும். அப்படி வெட்டினால்தான் கீழிருந்து கிளம்பும் இளந்தண்டுகள் அடுத்த ஆண்டுக்கு உரம் பெறும். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியிலுள்ள ஈஸ்ட் லாம்ப்ரூக் என்ற இடத்தில் மார்ஜரி ஃபிஷ் என்ற அம்மையார் அமைத்த தோட்டத்தின் பெயரால், ‘லாம்ப்ரூக் கோல்ட்’ என்ற ஒரு வகையே வழங்குகிறது. குளிரும் மழையும் ஒருங்கே வரும் நாட்டுச் செடியாதலால் நம் சமவெளிக்கு அஃது ஏற்றதன்று. ஆயினும் அதனை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்வோம்.

நமக்கேற்றவை வேறு. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த முட்கிரீடச் செடி ஆண்டு முழுவதும் பூக்கும். தாய்லாந்து நாட்டார் அதனை ஒட்டுச்சேர்த்துப் பெரிய பூ வகைகளை உண்டாக்கியிருக்கின்றனர். எட்டுப் பூ கொண்ட கொத்து அதிர்ஷ்டம் தரும் என்று அங்குள்ள சீன மக்களிடையே ஒரு நம்பிக்கை. நம் கொம்புக்கள்ளியிலே செம்மஞ்சள் நிறமேறிய ஒரு வகை இருக்கிறது. நல்ல வெயிலில் அதன் கொம்புகள் தீக்கொழுந்து போல் சிவக்கும். நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும். பந்தலில் ‘ஃபயர் ஸ்டிக்’ என்று விற்பது இதுவே.

இந்தக் கொம்புக்கள்ளியின் பெயரில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்த டச்சுக்காரர் வான் ரீட் மலையாள நாட்டுச் செடிகளைத் தொகுத்துப் பெருநூல் ஒன்று செய்வித்தார். அங்கு வழங்கிய ‘திருகள்ளி’ என்ற பெயர் அந்நூலில் ஏறிற்று. 1753இல் லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்தபோது அதனை அவ்வாறே எடுத்துக்கொண்டு ‘யூபோர்பியா திருகள்ளி’ என்று பதிந்துவிட்டார். முதற்சொல் யூபோர்பஸ் என்ற கிரேக்க வைத்தியரின் பெயரினின்றும் வந்தது; மவுரித்தானிய நாட்டு அரசன் ஜூபா தன் வைத்தியரின் நினைவாக இட்டது என்பர். இரண்டாவது சொல் நம்முடையது. உலகத்து நூல்களெல்லாம் கள்ளி என்ற சொல்லைக் காத்து வைத்திருக்க, அந்தச் சொல் பிறந்த மண்ணில் நாம் எழுதும் சீட்டில் மட்டும் அதனை நீக்கிவிட்டோம்.

ஏன் நீக்கினோம் என்பதும் தெரியாததன்று. கள்ளி என்றாலே நம் மனம் சுருங்குகிறது. பழம்பாடல்களில் அது பாலைக்கும் சுடுகாட்டுக்கும் உரியது. வீட்டு வாசலில் நிற்கலாகாது என்பது பாட்டிமார் சொல். அதைவிடக் கொடிய நினைவும் ஒன்று இருக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்திலும் பிற இடங்களிலும் பெண்சிசுக்களுக்குக் கள்ளிப்பால் புகட்டிய கொடுமை 1980களில் பத்திரிகைகளின் வாயிலாக நாடறிந்தது. 1992இல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ‘கள்ளிப்பால்’ என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் முகம் திருப்பும் தாய்மாரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆகவே விற்பவர் பெயரை மறைக்க விரும்புவது மனித இயல்பே. ஆனால் பெயரை மறைத்தால் பாலும் மறைந்துவிடுமோ?

எம் சரகத்து நெசவாளர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். ஐம்பது வயதைக் கடந்தவர், பட்டுத்தறி நெய்பவர். பந்தலில் செந்நிறக் கொம்புகளோடு நின்ற தொட்டி ஒன்றை மகள் விரும்பினாள் என்று வாங்கிப்போய்த் திண்ணையில் வைத்தார். ஒரு நாள் விடியற்காலையில் தெருவில் பாவு விரிக்க இடம் வேண்டித் தொட்டியைத் தூக்கினார். தூணில் பட்டுக் கொம்பொன்று முறிந்தது. பால் வலக்கண்ணில் தெறித்தது. ஒரு கை நீர் அள்ளிக் கழுவினார். எரிச்சல் சற்றுத் தணியவே, பாவைப் பிடித்துக்கொண்டு பத்துப்பேர் காத்திருக்கிறார்களே என்று வேலைக்குத் திரும்பிவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தாய்ப்பால் விட்டார்கள். நண்பகலில் கண்ணீர் நிற்கவில்லை. இரவில் விளக்கைப் பார்க்க இயலவில்லை. மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர், “என்ன செடி?” என்று கேட்டார். இவர் சீட்டை எடுத்துக் காட்டினார். சங்கத்தின் பெயர் இருந்தது, விலை இருந்தது, ‘ஃபயர் ஸ்டிக்’ என்று எழுதியிருந்தது. அதிலிருந்து டாக்டர் என்ன அறிவார்? “கள்ளிமாதிரி பால் வந்ததுங்க” என்று இவர் சொன்ன பிறகே அவருக்கு விளங்கிற்று. கருவிழியின் மேற்பரப்பு புண்ணாகி உள்ளேயும் அழற்சி கண்டிருந்தது. பார்வை திரும்பிவிட்டது. ஆனால் இரண்டு வாரம் தறியில் உட்காரவில்லை. நூலிழையைக் கண்ணால் தேடிப் பிணைப்பவருக்குக் கண்தானே முதல்? அவர் நம்மிடம் கேட்டது ஒன்றே: “கள்ளின்னு தெரிஞ்சிருந்தா நான் திண்ணையிலயா வெச்சிருப்பேன்?”

இதன்மேல் அச்சங்கத்தின் பொதுக்குழுவில் வாதம் நடந்தது. பயிர் செய்வோர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், “அடுப்பு சுடும் என்று எழுதி ஒட்டி விற்கிறார்களா? கள்ளிப்பால் கண்ணைக் கெடுக்கும் என்பது ஊரறிந்ததுதானே?” என்றார். உண்மைதான். ஆனால் ஊரறிந்தது ‘கள்ளி’யை, ‘ஃபயர் ஸ்டிக்’கை அன்று. நம் முன்னோர் பலநூறு ஆண்டு பட்டறிந்து சேர்த்த எச்சரிக்கை முழுவதும் அந்த மூன்றெழுத்துக்குள் அடங்கியிருக்கிறது. அச்சொல்லை எடுத்துவிட்டுச் செடியை மட்டும் கொடுத்தால், எச்சரிக்கையை நாமே கத்தரித்துவிட்டுக் கொடுத்தவர்களாவோம்.

மற்றோர் அங்கத்தினர், “கள்ளி என்று எழுதினால் ஒரு தொட்டியும் போகாது” என்றார். இது கவனிக்க வேண்டிய ஆட்சேபணை. முதற் பருவத்தில் விற்பனை சற்றுக் குறையக்கூடும் என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆயினும் முன்னர்ச் சொன்ன மத்தியதரைக் கடற் கள்ளியின் கதையைப் பாருங்கள். அதன் பாலும் தோலையும் கண்ணையும் புண்ணாக்குவதே. பூத்த தண்டை ஆண்டுதோறும் வெட்டவேண்டியிருப்பதால் தோட்டக்காரருக்கும் அப்பாலுக்கும் சந்திப்பு நேராமல் இராது. 1804இல் தோன்றிய இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் அதனைச் சிறந்த தோட்டச்செடி வரிசையில் சேர்த்து விருதும் அளித்திருக்கிறது; அதே சங்கம், உண்டால் தீங்கு, தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல், கையுறை அணிக என்றும் அச்செடியின் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. எச்சரிக்கையைப் படித்தவர்கள் செடியை விட்டு ஓடவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு வளர்க்கின்றனர்.

நெசவாளர் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தில் வாய்மூடி இருப்பது எமக்கு வியப்பளிக்கிறது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்களே என்று பல்லாண்டுகளாக மனு எழுதி வருபவர்கள் அவர்களே. அதனைத் தடுப்பதற்காகவே 2006இல் கைத்தறி முத்திரை ஏற்பட்டது. வேறொருவர் தமது சரக்குக்குப் பொய்ப்பெயர் இட்டால் அநியாயம் என்கிறோம். நம் பந்தலில் நம் சரக்குக்கு இட்டால் வியாபார சாமர்த்தியம் என்கிறோம். இரண்டும் எவ்வாறு பொருந்தும்? சாயம் போகும் துணியைச் சாயம் போகும் என்று சொல்லி, முதற் சலவையைத் தனியே செய்யுங்கள் என்று கூறி விற்கும் சங்கங்கள் நம்மிடையே உண்டு. அங்கே வாங்கியவர் திரும்பவும் அங்கேயே வருகிறார்.

சட்டத்தின் பேச்சை நாம் முன்வைக்க விரும்பவில்லை. ஆனால் ஆய்வாளர் என்ற முறையில் சொல்லாமல் விடுவதும் சரியன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தீங்கைத் தவிர்ப்பதற்குப் போதிய அறிவுரையோ எச்சரிக்கையோ இல்லாத பொருளுக்காக அதனை உண்டாக்கியவரைப் பொறுப்பாளியாக்க இடமளிக்கிறது. சங்கத்தின் பெயரைச் சீட்டில் அச்சிடும்போது பொறுப்பையும் சேர்த்தே அச்சிடுகிறோம்.

அதற்காக எல்லாக் கள்ளிக்கும் ஒரே பூதத்தை எழுதி ஒட்டுவதும் பொய்யே. மார்கழியில் சிவந்து நிற்கும் பாயின்செட்டியா இக்குலத்தது. மெக்ஸிகோ தேசத்துச் செடி. 1828ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்கத் தூதர் பாயின்செட் அதனைத் தம் நாட்டுக்கு அனுப்பியதால் அப்பெயர் பெற்றது. 1919இல் ஹவாய்த் தீவில் அதன் இலையைத் தின்ற குழந்தை இறந்தது என்று ஒரு வதந்தி கிளம்பி, அது கொடிய விஷம் என்ற பயம் நெடுங்காலம் நிலவிற்று. ஆராய்ந்தபோது அப்பயத்துக்கு ஆதாரமில்லை என்று தெரிந்தது. சிலருக்குத் தோலரிப்பு தரும்; தின்றால் வயிற்றைப் புரட்டலாம்; அவ்வளவே. கொம்புக்கள்ளியும் சதுரக்கள்ளியும் அத்தகையன அல்ல. கண்ணுக்கு அவை கொடியன. முட்கிரீடச் செடிக்குப் பாலோடு முள்ளும் உண்டு. எது எவ்வளவு என்று சொல்லுவதே நேர்மை.

ஆதலால் சங்கங்கள் செய்ய வேண்டியதை எமக்குத் தெரிந்த அளவில் கூறுகிறோம். சீட்டின் முதல் வரியில் தமிழ்ப்பெயர் நிற்கட்டும்: கொம்புக்கள்ளி, முட்கிரீடக் கள்ளி, இலைக்கள்ளி என்று. வெளிநாட்டுப் பெயர் வேண்டுமாயின் அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கட்டும். பின்பக்கத்தில் நாலு வரி போதும். பால் கண்ணில் படலாகாது. குழந்தையும் ஆடுமாடும் எட்டாத இடத்தில் வைக்கவும். கொம்பு நறுக்கும்போது கையுறை அணியவும். கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான நீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, சீட்டை எடுத்துக்கொண்டு உடனே கண் டாக்டரிடம் செல்லவும். தாய்ப்பாலோ எண்ணெயோ விடவேண்டாம் என்பதையும் சேர்ப்பது நன்று. முதலில் எரிச்சல் குறைந்தாற்போல் இருந்து, சில மணி நேரம் சென்ற பிறகே வலியும் மங்கலும் மிகுவது உண்டு. அந்த நெசவாளர் ஏமாந்தது இந்த இடைவேளையில்தான்.

வளர்ப்போரும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் நாள் முழுவதும் கொம்பு நறுக்குபவர்கள் பெரும்பாலும் பெண்கள். வியர்வையைப் புறங்கையால் துடைக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. பால் கண்ணுக்குச் செல்லும் வழி அதுவே. இரப்பர் கையுறையும் கண்ணாடியும் சங்கமே வாங்கித் தரவேண்டும், கூலியில் பிடிக்கலாகாது. வெட்டும் இடத்தில் ஒரு குடம் நல்ல நீரும் சோப்பும் எப்போதும் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமுள்ள சங்கங்கள் மற்றொன்றும் அறிந்திருக்க வேண்டும். சதைப்பற்றுள்ள கள்ளி இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன; அனுமதிச் சீட்டின்றி அனுப்ப இயலாது. ஒரு சில வளர்ப்பு வகைகளுக்கே விலக்குண்டு. விசிறிபோல் விரிந்த வண்ணக் கள்ளியை நம் இலைக்கள்ளி வேர்த்தண்டின்மேல் ஒட்டி வளர்த்தது அவற்றுள் ஒன்று. இந்த ஒட்டுவேலை நம் அங்கத்தினர் கற்கத்தக்கது. அதுபற்றி வேறொரு சமயம் எழுதுவோம். சீட்டில் செடியின் மெய்ப்பெயர் இல்லாத சரக்கு அந்தச் சந்தையில் வாசற்படியும் ஏறாது.

அடுத்த பொங்கல் பந்தலுக்கு இன்னும் போதிய அவகாசம் இருக்கிறது. நிர்வாகக் குழுக்கள் இப்போதே தீர்மானம் நிறைவேற்றிச் சீட்டுக்களை அச்சுக்குக் கொடுத்துவிடலாம். மொத்தமாக அச்சிட்டால் தொட்டி ஒன்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். சீட்டில்லாத கள்ளித்தொட்டியைப் பந்தலுக்குள் ஏற்பதில்லை என்ற விதியையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வாசகம் எழுதுவதில் ஐயமிருப்பின், சரக ஆய்வாளர்களிடம் வரைவைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.